கிளமென்ட் சாரின் அமைதி மூலை

கிளமென்ட் சார் 'குட்மார்னிங்' சொன்னால் விக்கிரமசிங்கபுரம் மில் வாசலில் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புவதில்லை. மில் வரைக்கும் கேட்காது. பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும்.

அவர் மூன்றாம் வகுப்பு 'அ' பிரிவு. நான் ஜெமிமா, 'ஆ' பிரிவு. நடுவில் இருப்பது கூரை வரை எட்டாத ஒரு சுவர் என்பதால் என் பிள்ளைகள் இரண்டு வகுப்புப் பாடத்தையும் சேர்த்தே படித்தார்கள். பள்ளிக்கூடம் கத்தோலிக்கக் கன்னியர்களுடையது, நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட். அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்கிறார்கள், நானும் அவர்களைப் பொறுத்துக்கொள்கிறேன்.

சார் கடற்கரைக்காரர். அவர் அப்பா தொம்மை, சொந்தமாக வள்ளம் வைத்திருந்தவர். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குடும்பம். 'கொஞ்சம் உப்பு போடு' என்பதையே புயல் எச்சரிக்கை மாதிரி சொல்வார்கள். கிளமென்டும் கடலுக்குப் போயிருக்க வேண்டியவர்தான். ஆனால் வள்ளத்தில் காலை வைத்தாலே வாந்தி. இந்த அவமானம் கரையில் பரவுவதற்குள் தொம்மை மகனை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். குரல் மட்டும் கூடவே வந்துவிட்டது. மனைவி ஜாய்சியும் அதே கரைக்காரி என்பதால் வீட்டில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மனுஷர் தங்கம். ஒரு பிள்ளையை அடித்தது கிடையாது. சாப்பிடாமல் வருகிற பிள்ளைக்குத் தன் இட்லியை எடுத்துக் கொடுப்பார். ஆனால் 'சாப்பிட்டியாலே?' என்று அவர் கேட்கிற கேட்பில் அந்தப் பிள்ளைக்குப் பசியே போய்விடும்.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் ஃபெமினா மாணவர் மனநலப் பயிற்சிக்குப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். போயிருக்க வேண்டியது நான். எனக்கு அந்த வருஷம் தொண்டை கெட்டுப்போய், சத்தமாகப் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சார் போய்விட்டு, சிரிக்கிற முகம், அழுகிற முகம், உர்ரென்ற முகம் எல்லாம் அச்சடித்த ஒரு படத்தோடு திரும்பி வந்தார். வகுப்புக்கு ஒரு அமைதி மூலை வைக்க வேண்டுமாம். மனசு சரியில்லாத பிள்ளை அங்கே போய் உட்காரலாம். ஆசிரியர் பக்கத்தில் இருந்து, கண்டிக்காமல், காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சாருக்கு இதில் ஒரு பெரிய ஆசை இருந்தது. அவர் வகுப்பில் ஹனீன் என்று ஒரு பிள்ளை. ஜூன் மாதம் சேர்ந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிறவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததும் ஊமையாகிவிடுவாள். வாப்பா ரசீத் வளைகுடாவில். உம்மா ஷம்ஸியா வந்து தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "கிறிஸ்துமஸ் லீவுக்குள்ள பிள்ளை பேசலைன்னா டி.சி.யக் குடுத்துருங்க சார். காயல்பட்டினத்துல எங்க ஊட்டுல கொண்டு விட்டுப் படிக்க வச்சுக்கிடுதேன்."

தன் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை பேசாமலே போய்விட்டால் தான் வாத்தியார் வேலைக்கே லாயக்கில்லை என்று சார் நினைத்தார். தினமும் அவள் முன்னால் குனிந்து "ஹனீன், உம்பேரு என்ன?" என்று கேட்பார். பதில் வராது. காது கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாகக் கேட்பார். என் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் 'ஹனீன்' என்று பதில் சொல்லும்.

அமைதி மூலைக்கு ஒரு பாய், இரண்டு தலையணை வந்தன. எல்லாரும் பார்க்க அழுவதற்குப் பிள்ளைகள் கூச்சப்படும் என்று சார் குறுக்கே ஒரு திரையும் கட்டினார். துணிக்குக் கோயில் உபதேசியாரிடம் கேட்டிருக்கிறார். அவர், தவக்காலத்தில் கோயில் சுரூபச் சிலைகளை மூடுகிற ஊதாத் துணியை எடுத்துக் கொடுத்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் சார், இந்தப் பக்கம் பாயில் பிள்ளை. கோயிலில் சாமியார் மறைவாக உட்கார்ந்து, முட்டி போடுகிறவர்களின் பாவங்களைக் கேட்பாரே, அசல் அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டி! எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற பொருள் கண்ணில் படாது போலும்.

பாதிப் பிள்ளைகள் முதல் பாவசங்கீர்த்தனம் செய்து புதுநன்மை வாங்கப் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. ரப்பர் தொலைந்துவிட்டது என்று அழுத ஜெர்வினை முதலில் அனுப்பினார். அவன் ஊதாத் துணியைப் பார்த்தான், மடாரென்று முட்டி போட்டான். "சாமி, என்னை ஆசீர்வதியும்" என்று தொடங்கி, தான் திருடிய ரப்பர்களை எல்லாம் ஒப்புவித்துவிட்டான்.

எந்தக் கத்தோலிக்கருக்கும் அந்தத் தொட்டிப் பக்கம் போனால் குரல் தானாக இறங்கிவிடும். சாருக்கும் இறங்கிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், அபராதமாக ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் என் வகுப்பில் என் குரல் எனக்குக் கேட்டது.

மறுநாள் வரிசை நின்றது. இந்துப் பிள்ளைகளும் நின்றார்கள். வரிசை என்று ஒன்று இருந்தால் நிற்க வேண்டியதுதானே. பங்குச் சாமியார் அந்த வழியாக வந்தவர் எட்டிப் பார்த்து, "எனக்கு சனிக்கிழமை நாலு பேரு வாரதே பெரும்பாடு. உமக்கு வரிசையா நிக்குதே வே!" என்றார். எங்கள் சபையில் இந்தத் தொல்லை இல்லை. பாவத்தை நேரே கடவுளிடம் சொல்லிவிடுவோம், அவரும் யாரிடமும் சொல்வதில்லை.

அந்த வாரம் ஒருநாள் சார் சுவரோரம் வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"டீச்சர், ஹனீன் பேசிட்டா!"

"என்ன பேசினா?"

"அதச் சொல்லக் கூடாது. பாவசங்கீர்த்தனம்லா."

"நீங்க என்ன, குருப்பட்டமா வாங்கிருக்கீங்க?"

அவர் சொல்லவே இல்லை. ஆனால் ஹனீன் தினமும் வரிசையில் நின்றாள். திரைக்கு வெளியே அதே ஊமைதான். உள்ளே மட்டும் பேசினாள்.

இது நல்லபடியாகப் போயிருக்கும். அவள் வீட்டில் போய், ஜன்னல் திரைக்கு முன்னால் முட்டி போட்டு, "சாமி, என்னை ஆசீர்வதியும்" என்று விளையாடாமல் இருந்திருந்தால்.

மறுநாள் காலையிலேயே ஷம்ஸியா மகள் கையைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் அறைக்கு வந்துவிட்டாள். சாரைக் கூப்பிட்டார்கள். சாட்சிக்கு நானும் போனேன். கூப்பிடாமல்தான்.

"இங்க ஆறு மாசமா வாயத் தெறக்காத பிள்ளை தெறந்ததும் சொல்லுத வார்த்தையா இது? அவ வாப்பா போன்ல என்னைக் கிழிக்காங்க. டி.சி.யக் குடுங்க சிஸ்டர்."

"சத்தியமா நான் சொல்லிக் குடுக்கலம்மா!" என்றார் சார். மேஜைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. "அவ பேசுதா! எங்கிட்ட நல்லாப் பேசுதா! ஹனீன், சொல்லும்மா, எங்கிட்டப் பேசுதல்லா?"

ஹனீன் உம்மா போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் போய்விட்டாள். ஷம்ஸியா குனிந்து, "சார்ட்ட பேசுவியா ராசாத்தி?" என்று கேட்டாள்.

உள்ளிருந்து குரல் வந்தது. சின்னக் குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

"துணிக்கு அந்தப் பக்கம் இருக்க சார்ட்ட பேசுவேன். அந்த சார் பையப் பேசுவாங்க. இந்த சாரக் கண்டா பயமா இருக்கு."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். சார் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

"அப்ப காயல்பட்டினத்துக்குப் போவமா?" என்றாள் ஷம்ஸியா. அவள் குரலிலும் இப்போது கோபம் இல்லை.

துப்பட்டி வேண்டாம் என்று ஆடியது. "ஜெமிமா டீச்சர் கிளாஸ்."

என் தொண்டை கெட்டதால் எனக்குக் கிடைத்த மரியாதை அது. சிஸ்டர் சாரைப் பார்த்தார். சார் சரி என்று தலையை மட்டும் அசைத்தார். அவரே போய் 'அ' பிரிவிலிருந்து ஹனீனின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, அவளோடு என் வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், நல்லாப் பேசுவா" என்றார். அவ்வளவு பைய, அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "அடுத்த வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு. அதக் கேளுங்க, விடாமச் சொல்லுவா. மூணு குட்டியாம்."

ஹனீன் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மூணு இல்ல சார்," என்றாள், "நாலு."