வெள்ளைக் கண்டெய்னர்

டில்லிபாபு மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டுகிறார். அடி விழப்போகிறதோ என்று மாப்பிள்ளை தலையைப் பின்னுக்கு இழுக்கிறார். ஆசீர்வாதம் என்று எண்ணிய ஒரு பெரியவர் அந்தத் தலையைப் பிடித்து முன்னால் தள்ளுகிறார். இரண்டும் இல்லை. டில்லிபாபு கேமராவைத் தன் கைக்கு அருகில் கொண்டுபோய், திரை முழுக்க உள்ளங்கை தெரிய, வெளிச்சம் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேடையில் மாலை மாற்றுவது நின்றுபோயிருக்கிறது. மேளக்காரர் குச்சியை மடியில் வைத்துவிட்டார்.

"மாமு, அப்பிடியே நில்லு. மலை ஒடையுது."

மலை என்பது கேமராத் திரையின் மூலையில் தெரியும் வெளிச்ச வரைபடம். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று மேடும் பள்ளமுமாகக் காட்டும். மேடு வலது ஓரத்தில் முட்டினால் மாப்பிள்ளையின் வேட்டி வெறும் தாளாகிவிடும். இடது ஓரத்தில் சாய்ந்தால் பெண்ணின் கூந்தலும் பின்னால் தொங்கும் திரையும் ஒன்றாகிவிடும். திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் டில்லிபாபு படம் பிடித்த வீடுகளில் சிறு பிள்ளைகளுக்குக்கூட மலை தெரியும். அதற்காக எத்தனை முறை காத்திருந்திருக்கிறார்கள்!

எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். விசேஷங்களை வீடியோ எடுப்பது தொழில். போட்டோ எடுக்கிற கேமராவிலேயே வீடியோவும் எடுப்பவர். கேமராவை ஷேர் ஆட்டோவில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போவார். கேமராவே பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் 'ஆட்டோ' வசதி அதில் இருக்கிறது. அதை அவர் தொடுவதில்லை. "ஆட்டோ ஏறிப் போறதுக்குத்தாம்பா, எடுக்கறதுக்கு இல்ல" என்பார். முதல்முறை கேட்டபோது சிரித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்கிறார். சொன்னபின் சிரிப்புக்காக நிற்கவும் செய்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மேடையில் கறுப்பான ஒரு ஜோடி நிற்கிறது. வாழ்த்துச் சொல்ல வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பேர் ஏறுகிறார்கள். ஆட்டோவில் விட்டால் கேமரா வெள்ளையைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைக்கும். ஜோடியின் முகம் கரிக்கட்டையாகும். நாலு பேரும் இறங்கினால் முகம் மறுபடி வெளுக்கும். "மூஞ்சி மூச்சு வாங்குது" என்று அவர் சொல்வது இதைத்தான். அதனால் முகத்துக்கு ஏற்ற வெளிச்சத்தைக் கையால் வைத்து, திருகியின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுகிறார். ஒட்டிய பிறகு, படம் ஓடும்போது உலகமே இருண்டாலும் அதைத் திருப்பமாட்டார். திருப்பினால் படத்தில் ஒரு குதி விழுமாம். "குதி உழுந்தா அது வீடியோ இல்ல நைனா, விக்கலு."

இதெல்லாம் சரிதான். ஆனால் எங்கள் தெரு குணசுந்தரியின் மகள் கல்யாணத்தில் முடிச்சுப் போடும் நேரத்தில் யாரோ மேடை விளக்கு ஒன்றை அணைத்துவிட்டார்கள். டில்லிபாபு படத்தை நிறுத்தி, டேப்பை உரித்து, கையை நீட்டி, மலையைப் பார்த்து, டேப்பை மறுபடி ஒட்டி நிமிர்ந்தபோது எல்லாரும் அட்சதை போட்டு முடித்திருந்தார்கள். அந்த வீடியோவை நான் பார்த்தேன். தாலிக்கு முன்பும் தாலிக்குப் பின்பும் வெளிச்சம் பிரமாதம். தாலிதான் இல்லை. குணசுந்தரி இன்றுவரை அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறார். அவரோ அந்தப் பக்கம் பார்த்து, "யக்கா, அந்த நலங்கு சீனு எப்டி வந்துச்சு, பாத்தியா?" என்று கேட்கிறார்.

படம் பிடிப்பவர்கள் கறுப்புச் சட்டை போடுவது வழக்கம். வெள்ளைச் சட்டை, பக்கத்தில் இருப்பவர்மீது வெளிச்சத்தை அடிக்கும், கண்ணாடியில் தெரியும். டில்லிபாபு போடுவது கஞ்சி வைத்த வெள்ளை முழுக்கைச் சட்டை. ஏன் என்று கேட்டால், "ஊரே கலீஜா கீது. நா ஒருத்தனாவது வெள்ளையா கீறேனே" என்கிறார். வடக்கிலிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் துணியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிற ஊர் இது. அதனால் சட்டையை வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ்தான் காயவைப்பார். ஆட்டோ இருக்கையில் கைக்குட்டை விரிக்காமல் உட்காரமாட்டார். டீ குடிக்கும்போது இடுப்பை வளைத்து, தலையை மட்டும் சாலைக்கு நீட்டிக் குடிப்பார். டீக்கடையில் அவருக்குப் பெயர் கவுன்சிலர். அந்தச் சட்டையை யாரும் தொடக்கூடாது. கட்டிப்பிடிக்க வரும் மாப்பிள்ளையின் தாய்மாமன்களைக்கூட மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளி நிறுத்துவார்.

இப்படிப்பட்டவரை ராஜாத்தி வீட்டுக்கு அழைத்துப் போனது நான்.

ராஜாத்தி தேரடியில் இட்லிக் கடை போடுகிறவர். அவர் கணவர் கோதண்டத்துக்குத் தொண்டையில் புற்று. திங்கட்கிழமை அறுவை, குரல்வளையை எடுத்துவிடுவார்கள். ஞாயிறு காலையில் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். கோதண்டம் ஆர்பரில் கிரேனுக்குக் கீழே நின்று குரல் கொடுத்தவர். தூக்கு, இறக்கு, நிறுத்து. மேலே இருக்கிற ஆப்பரேட்டருக்குச் சரக்கு தெரியாது. கீழே இருக்கிறவர் குரல்தான் கண். அந்தக் குரல் சில மாதங்களாகக் கிழிந்துவிட்டது. கிழிந்த அந்தக் குரலும் திங்களோடு போய்விடும். அதற்கு முன் அவர் பேசுவதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ராஜாத்தி நினைத்தார்.

"போன்லதான் புடிச்சேன். போட்டுக் கேட்டா லாரி ஆரன்தான் பேசுது. இவரு எங்க கீறாருன்னே தெர்ல."

வீடு கடலோரச் சாலையை ஒட்டி இருக்கிறது. ஒற்றை அறை, தாழ்ந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசலுக்கு எதிரே ஆர்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை எப்போதும் நின்றுகொண்டே இருக்கும். டில்லிபாபுவிடம் சட்டைக் காலரில் மாட்டும் மைக் ஒன்று உண்டு. வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் அது கேட்கும். அதனால்தான் அவரைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை பிற்பகல். வந்ததும் மைக்கைக் கோதண்டத்தின் காலரில் மாட்டினார். கண் சிமிட்டும் நேரத்தில் அந்த வேலை முடிந்தது. குரலுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதோடு பொத்தானை அழுத்தியிருக்கலாம். டில்லிபாபு உள்ளங்கையை நீட்டினார்.

அந்த அறைக்கு வெளிச்சம் வருவது வாசல் வழியாக மட்டும்தான். தூசுக்குப் பயந்து ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். சூரியன் வீட்டுக்குப் பின்னால் சாய்ந்து, கூரையைத் தாண்டி, சாலையில் நிற்கும் கண்டெய்னர்மீது விழும். அதில் பட்டுத் திரும்புவதுதான் அறைக்குக் கிடைக்கும். நாங்கள் போனபோது எதிரே நின்றது வெள்ளைக் கண்டெய்னர். அறை பால் ஊற்றியதுபோல் இருந்தது. கோதண்டத்தின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது.

"சோக்கா கீது. இந்த லைட்டுக்கு மண்டபத்துல ஏழு பல்பு கட்டணும்." திருகினார், டேப்பை ஒட்டினார். "பேசு நைனா."

கோதண்டம் தொண்டையைச் செருமினார். வரிசை நகர்ந்தது. வெள்ளை போய்த் துருப்பிடித்த சிவப்பு வந்து நின்றது. கோதண்டம் இருட்டில் மூழ்கினார்.

டில்லிபாபு டேப்பை உரித்தார்.

சிவப்புக்கு ஏற்ப வைத்து முடித்தபோது நீலம் வந்தது. நீலத்துக்கு வைத்தால் மறுபடி சிவப்பு. இடையில் லாரியே இல்லாதபோது வெளியே கடல் கண்ணைக் கூசவைத்தது, அறை இருண்டது. ஒவ்வொரு முறையும் கோதண்டம் இரண்டு சொல் பேசி, தண்ணீர் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். மீதி இருக்கும் குரலை இப்படிச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துக்கொண்டிருந்தோம்.

"டேய் டில்லி, இன்னாடா பேஜார் பண்ற? உன் ஆட்டோவுல போட்டுத் தொலையேன்" என்றார் ராஜாத்தி.

"ஆட்டோல போட்டா, லாரி நவுர நவுர அவரு மூஞ்சி வெளுக்கும், கறுக்கும். நீ அப்பால போட்டுப் பாக்கச்சொல்ல உனுக்குக் கொரலா கேக்கும்? மூஞ்சி ஆடறதுதான் தெரியும்."

"எனுக்குக் கொரலுதாண்டா வோணும்!"

"மூஞ்சி இல்லாத கொரலு ரேடியோ யக்கா. திங்கக்கெயமைக்கு அப்பால மூஞ்சிதான பேசணும்?"

எனக்கு அவரைக் கேமராவோடு சேர்த்துக் கடலில் தள்ளவேண்டும் போலிருந்தது. நீலத்தில் ஒரு துண்டு எப்படியோ எடுத்தார். அதிலும் விடிவு இல்லை. கேமராவில் படம் ஓடும் சிவப்பு விளக்கைக் கண்டதும் கோதண்டம் முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்கால்மீது வைத்து, "அனைவருக்கும் வணக்கம். என் பெயர் கோதண்டம். நான் துறைமுகத்தில் பணியாற்றி…" என்று ஆரம்பித்தார்.

ராஜாத்தி தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், எலிக்சன்ல நிக்கிறியா? வூட்ல பேசற மாரி பேசுய்யா. என்ன எப்பிடிக் கூப்புடுவ? அத்தச் சொல்லு."

கோதண்டம் கேமராவைப் பார்த்தார். "அன்புள்ள ராஜாத்தி" என்றார். ராஜாத்தி எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரம் ஒன்று உருண்டது.

அப்போது வரிசை நகர்ந்து இன்னொரு வெள்ளைக் கண்டெய்னர் வந்து நின்றது. அறையில் மறுபடி பால். டில்லிபாபுவின் முகமும் பளிச்சென்றது. கை, திருகி, மலை, டேப். "நைனா, இதான். இத வுட்டா இன்னிக்கி அவ்ளோதான். பேசு." பொத்தானை அழுத்தினார்.

"அனைவருக்கும்" என்றார் கோதண்டம். வெளியே பிரேக் காற்று சீறியது. வெள்ளை அசைந்தது.

"திருப்புங்க. படம் ஓடும்போதே திருப்புங்க. குதி விழுந்தா விழட்டும்" என்றேன்.

டில்லிபாபு டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ இங்க நில்லு. எதையும் தொடாத. அவரு மூஞ்சி இருட்டாச்சுன்னா சத்தம் குடு" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி ஓடினார்.

லாரியின் கதவைத் தட்டினார். "அண்ணே, ஒரே நிமிசம் நில்லுண்ணே, ஒரு சீனு எடுத்துக்கினு கீறோம்."

"போய்யா கவுன்சிலரு! பின்னால பாரு, ஆர்பரே என் மேல ஏறுது!"

வெள்ளை போய்விட்டது. அடுத்த லாரி இன்னும் வரவில்லை. திரையில் கோதண்டத்தின் முகம் மங்கிக்கொண்டே போனது. நான் சத்தம் கொடுத்தேன்.

டில்லிபாபு சாலையின் ஓரத்தில், வெயில் தொடங்கும் இடத்தில் நின்றார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே பனியன், விலாவில் இரண்டு ஓட்டை. சட்டையை இரண்டு தோளிலும் பிடித்து விரித்து, எங்களைப் பார்த்து வெயிலில் நீட்டினார். திரையில் கோதண்டத்தின் கன்னம் மட்டும் கொஞ்சம் மேலே வந்தது.

"பத்தல!" என்றேன். ஒரு ஆரன் அதை விழுங்கியது. டில்லிபாபு, "இன்னா? இன்னா?" என்று சட்டையைத் தாழ்த்தினார். முகம் மறுபடி இருண்டது.

கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்தார். வலது கை தானாக மேலே போனது.

"தூக்குடா!"

அந்தக் குரல் அந்த உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. ஆனால் சாலையைக் கடந்து போனது. டில்லிபாபு சட்டையைத் தூக்கினார்.

"இன்னும் தூக்கு. சோத்தாங்கை பக்கம் எறக்கு. டேய், சோத்தாங்கைடா, அது பீச்சாங்கை! சாயுது பாரு, சாயுது… கடலப் பாத்து இன்னாடா கீது, என்னப் பாரு! மெதுவா… மெதுவா… இன்னும் ஒரு முழம்… நிறுத்து!"

கை முஷ்டியாக மூடிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்க, திரையில் அவர் முகம் முழுதாக வந்திருந்தது.

ராஜாத்தி அடுப்படியிலிருந்து வந்து சுவரோடு நின்றார். கோதண்டம் முஷ்டியை இறக்காமல் தலையை மட்டும் திருப்பினார்.

"இன்னா ராசு, மரம் மாரி நிக்கிற? அவனுக்கு ஒரு சொம்பு தண்ணி எட்தாந்து குடுமே. கை நடுங்குது பாரு."



வெளியே வரிசை மறுபடி வேகம் எடுத்தது. டில்லிபாபுவின் முதுகுக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள் போயின. ஒவ்வொன்றும் சாம்பலையும் புழுதியையும் அள்ளி அவர்மீது போட்டது. சட்டையின் கைகள் காற்றில் அடித்துக்கொண்டன. அவருடைய கைகள் ஆடின. நிறுத்து என்று சொன்ன உயரத்திலிருந்து சட்டை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அடுத்த லாரி போனதும், கைகள் நீட்டியது நீட்டியபடி இருக்க, டில்லிபாபு மோவாயைத் தாழ்த்தி, காலர்மேல் படிந்த தூசியை வாயால் ஊதினார்.