ஏழும் அறுநூற்றுப் பதின்மூன்றும்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில் ஒரு யூதக் கிழவரின் வீட்டுப் பின்னறைகளில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் சுத்த மரக்கறிக்காரர், அவருக்கு விலக்கான இறைச்சி வீட்டுக்குள் வராது என்பதால் அவருக்கு எங்களைப் பிடித்துப்போயிற்று.

ஒருநாள் எங்கள் அறையில் இருந்துகொண்டு அவர் சொன்னார்: பிரளயத்தில் தப்பிய நோவாவின் வழிவந்த மனிதர் எல்லோருக்கும் கடவுள் ஏழு சட்டங்கள் கொடுத்தாராம். கொலை, களவு, விபசாரம் ஆகாது. கடவுளைப் பழிக்கக் கூடாது. உயிரோடிருக்கும் மிருகத்தில் அறுத்துத் தின்னக் கூடாது. நீதிமன்றம் வைக்க வேண்டும். சிலை வணக்கத்தைச் சொல்ல வந்தவர், சுவரிலிருந்த எங்கள் பிள்ளையார் படத்தைக் கண்டு இருமிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார். யூதர்களுக்கோ அறுநூற்றுப் பதின்மூன்று.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விரதம் பிடித்தே வளர்ந்தவன் நான். "எங்களுக்கு மட்டும் ஏன் ஏழு? அதற்குமேல் தாங்கமாட்டோமா?"

"எண்ணிக்கைதான் குறைவு. அந்த ஏழில் பேரம் பேச முடியாது. எங்களுடையதில் ஒவ்வொன்றுக்கும் பத்து விளக்கம் உண்டு. அதற்குள் நுழைந்துதான் மூச்சு விடுகிறோம்," என்றார்.

ஓய்வுநாளான சனிக்கிழமையில் அவர் விளக்கைப் போடவும் மாட்டார், அணைக்கவும் மாட்டார். வெள்ளி மாலை போட்டது மறுநாள் பொழுதுபட்ட பிறகும் எரியும். இதெல்லாம் தெரிந்தும், ஒரு குளிர்காலச் சனிக்கிழமை காலை, வீணாக எரிகிறதே என்று என் கை தானாகப் போய் ஹால் விளக்கை அணைத்துவிட்டது.

அன்று காலமான அவருடைய மனைவியின் நினைவு நாள். பொழுதுபடுமுன் அவளுக்காக வேதப் பாடல்களை வாசித்து முடிக்க வேண்டும். மத்தியானமே மழை இருட்டு. புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஹால் யன்னலடியில் திணறிக்கொண்டிருந்தார். பதறிப்போய் விளக்கைப் போட்டேன்.

"யாருக்காகப் போட்டீர்கள்?"

"உங்களுக்காகத்தான்."

புத்தகத்தை மூடிவிட்டார். "எனக்கென்று போட்ட வெளிச்சத்தில் நான் வாசிக்கக் கூடாது. நீங்கள் உங்களுக்கென்று போட்டிருந்தால் பரவாயில்லை." அதைக் கோபமில்லாமல் சொல்லிவிட்டுத் தன் இருட்டறைக்குள் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

"உங்களுக்கு ஒரு வேலையும் ஒழுங்காச் செய்யத் தெரியாது. போய் அதை நூருங்கோ. நான் வாறன்," என்றாள்.

நான் விளக்கை அணைத்தேன். அவள் சுளகில் பருப்பைக் கொட்டிக்கொண்டு வந்து, தானே விளக்கைப் போட்டு, கதிரையில் உட்கார்ந்து பருப்பைக் கிளறத் தொடங்கினாள். கிழவர் எட்டிப் பார்த்தார்.

"யாருக்காக?"

"எனக்குத்தான். கல்லுப் பொறுக்கக் கண் தெரியவில்லை," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

பொய். அந்தப் பருப்பைக் காலையிலேயே பொறுக்கி முடித்திருந்தாள். நல்லவேளையாக, எங்கள் ஏழில் பொய்யைப் பற்றி ஒன்றும் இல்லை.

கிழவர் சுளகைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு எதிரே அமர்ந்து புத்தகத்தை விரித்தார். அவர் கடைசிப் பாடலை வாசித்து முடிக்கும்வரை, என் மனைவி தலை நிமிராமல் இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.