வானகரம் நெரிசலில் கற்ற ஆங்கிலம்

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை. நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடிக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, அம்பத்தூர் எஸ்டேட் போகும் பஸ்ஸில் ஏறினேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலைக்கு நேர்காணல். இருப்பதோ ஒரே ஒரு காலியிடம். குழந்தைக்காக வேலையை விட்டவள் நான். இதுவும் கைநழுவினால் திண்டுக்கல்லுக்கே திரும்பிவிடலாம் என்று கணவர் சொல்லிவிட்டார். எனக்கு இந்த ஊரை விட மனமே இல்லை.

ஆங்கில மரபுத்தொடர்களைக் கொடுத்து, அவற்றை வைத்துப் பேசச் சொல்வார்களாம். பஸ் வானகரம் நெரிசலில் மாட்டிக்கொண்டது. நான் போனைப் பார்ப்பதும், ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும், முணுமுணுப்பதுமாகத் தவித்தேன். படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை.

“இன்னாக்கா, ஸ்லோகமா சொல்லிகினு வர்றே?” என்றாள் பக்கத்து சீட்டுப் பெண். என்னைவிட இளையவள். எரிச்சலை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். எந்தக் கம்பெனி என்று கேட்டாள், அதையும் சொன்னேன். கேட்டதும் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“சும்மா மனப்பாடம் பண்ணா அங்க போனதும் மறந்துடும்க்கா. ஒவ்வொண்ணுக்கும் உங்க ஊட்ல ஒரு ஆளைப் புடி. ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’னா எப்பவோ அத்தி பூத்த மாதிரி. எங்க ஊட்டுக்காரு பாத்திரம் கழுவுற மாதிரின்னு வெச்சிக்கோ!”

சிரித்துவிட்டேன். ரகசியத்தை உளறிக்கொட்டும் ‘ஸ்பில் த பீன்ஸ்’ என் நாத்தனாருக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும் ‘பைட் த புல்லட்’டுக்கு, மாமியார் வைக்கும் ரசத்தைக் குடிக்கும் நானே பொருத்தம். எஸ்டேட் வரும்வரை அந்தப் பெண் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள்.

என் நிறுத்தத்திலேயே அவளும் இறங்கினாள். அதே கேட்டுக்குள் நுழைந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“நீயும் இதுக்குத்தானா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா எங்கூட பேசிகினு வந்திருப்பியாக்கா?” என்று சிரித்தாள்.

உள்ளே ஒவ்வொரு தொடரும் ஒரு முகத்தோடு வந்து நின்றது. வேலை எனக்கே கிடைத்தது. வெளியே ஓடிவந்து தேடினேன், அவள் போய்விட்டிருந்தாள். பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.

அவள் யாரென்று முதலில் எனக்குத் தெரிந்திருந்தால், ஒரு தொடரையாவது அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேனா என்ற கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ‘ஆமாம்’ என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.