சின்னக்கருப்பின் கல் வரப்புகள்

சின்னக்கருப்புக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. தென்னையிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு முறிந்துவிட்டது. பொட்டிப்புரத்துக்கு அருகே மலையடியில் அவனுடைய மானாவாரிக் காட்டுக்குள்ளேயே வீடு. அவனைத் துடைத்துவிட, புரட்டிப் படுக்கவைக்க, மூத்திரக் குழாயைப் பார்த்துக்கொள்ள, நோயாளிகளை வீட்டில் போய்க் கவனிக்கும் வேலை செய்த நான் தினமும் போய்வந்தேன். மனைவி அக்கம்மாள் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க அவன் பேசுவான். நான் கேட்டபடியே வேலையைப் பார்ப்பேன்.

பேச்செல்லாம் அந்தக் காட்டைப் பற்றித்தான். தகப்பன் விட்டுப்போனபோது அது வெறும் சரளைச் சரிவு. அவனும் அக்கம்மாளும் கல்லைப் பொறுக்கி, சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு வரிவரியாக வரப்பு கட்டினார்கள். மழைத்தண்ணீர் கல் இடுக்கில் வடிந்துபோகும். அது இழுத்துவந்த மண் வரப்புக்குப் பின்னால் தங்கிவிடும். அப்படிச் சேர்ந்த மண்ணில்தான் மொச்சையும் சோளமும் விளைந்தன.

ஜன்னலில் மலை தெரியும். "அந்தா பாருங்கக்கா, வெயில்ல வெந்து மழையில நனைஞ்சு பாறை ஓடு ஓடா உரியுது. அது உதுந்து சரளையாகி, எலை தழை மக்கி, அப்பறந்தான் மண்ணு. நாம பாக்க நடக்கிற காரியமில்ல. நான் மண்ண உண்டாக்கல. போறத நிப்பாட்டுனேன், அம்புட்டுத்தான்" என்பான்.

அவன் விழுந்தபிறகு தம்பி சுரேஷ்கண்ணன் காட்டை எடுத்துச் செய்தான். டிராக்டர் திரும்ப வரப்புகள் இடைஞ்சலாக இருந்தன. குழாய் மாற்ற அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்த ஒருநாள் ஜேசிபி கொண்டுவந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நாங்கள் திரும்பியதும் சந்தோஷமாக உள்ளே வந்தான்.

"அண்ணே, காடு இப்ப ஒரே விரிப்பு. டிராக்டர் இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்கு நேரா ஓடும்."

"கல்லு எங்கலே?"

"சின்னமனூர்ல ஒருத்தர் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கேட்டாக. அள்ளிட்டுப் போயிட்டாக. கொஞ்சம் ஓடைப் பக்கம் கெடக்கு."

சின்னக்கருப்பு ஜன்னல் பக்கம் பார்த்தான். "கெடக்குறத வச்சு மேல ரெண்டு வரியாச்சும் போடு. ஐப்பசி வந்துருச்சு."

"ஜேசிபிக்காரன் மார்க்கையன்கோட்டையில இருக்கான். அடுத்த வாரம் வாரேங்கிறான்."

"அதுக்கு எதுக்குலே ஜேசிபி? கை இல்லையா?"

"கட்டில்ல படுத்துக்கிட்டு வேல சொல்றது லேசுண்ணே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். விளையாட்டாகத்தான் சொன்னான். சின்னக்கருப்பு அன்று சாப்பிடவில்லை.

கூலிக்கு ஆள் விசாரித்துப் பார்த்தேன். எல்லாரும் வெங்காய நடவில் இருந்தார்கள். அக்கம்மாள் வேலைவிட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை கல் சுமந்தாள். ஒரு மூலைக்குக்கூட அது போதவில்லை.

ஜேசிபி வருவதற்குள் மழை வந்துவிட்டது. உச்சிப்பொழுது, வீட்டில் நாங்கள் இருவர்தான். அவனைச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தேன்.

"ஜன்னல் பக்கம் திருப்புங்கக்கா."

"அந்தப் பக்கம் புண் இருக்கு தம்பி."

"இருக்கட்டும்."

திருப்பினேன். முதலில் சரிவு மண்ணில் நகத்தால் கீறியதுபோல் மெல்லிய கோடுகள் விழுந்தன. கோடுகள் சேர்ந்து வாய்க்காலாயின. தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. அக்கம்மாள் அடுக்கிய வரி சற்று நேரம் தாங்கியது. பிறகு தண்ணீர் அதன் ஓரத்தை அறுத்துக்கொண்டு போனது, கற்களெல்லாம் உருண்டன. ஊருக்குள்ளிருந்து ஓடிவந்த சுரேஷ்கண்ணன் மண்வெட்டியோடு ஒரு இடத்தை அடைத்தான். இன்னொரு இடம் உடைந்தது.

"அங்கன இல்லலே, மேல! மேல போயித் தண்ணிய வெட்டித் திருப்பு" என்று சின்னக்கருப்பு கத்தினான். தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் அது வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"நீங்க போயிச் சொல்லுங்கக்கா."

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வாசலைத் தாண்டியதும் கால் சேற்றில் வழுக்கியது. நானும் விழுந்து கிடந்தால் இரண்டு நோயாளிகளை யார் பார்ப்பது? திரும்பி வந்தேன்.

"முடியல தம்பி."

அவன் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மழை விட்டபோது காட்டின் மேல்பாதியில் பாறை வெளியே தெரிந்தது. மண்ணெல்லாம் கீழே வைகுண்டராஜின் வெங்காயக் காட்டில் படிந்துகிடந்தது. மண்ணைத் திரும்ப அள்ளிக்கொள்ளலாமா என்று சுரேஷ்கண்ணன் போய்க் கேட்டான்.

"மண்ணுல உங்க பேரா எழுதியிருக்கு? அடியில என் நாத்து அழுகிக் கெடக்கு. அதுக்கு நான் யாருகிட்டப் போக?" என்றாராம் வைகுண்டராஜ். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

சுரேஷ்கண்ணன் வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தான். மேலெல்லாம் சேறு.

"திரும்பக் கட்டிருவோம்ணே."

"கட்டலாம்."

"மண்ணு சேர எம்புட்டு நாளாகும்?"

"எனக்கு இருவது வருசமாச்சு. அப்ப எனக்குக் காலு இருந்துச்சு."

தம்பி அழுதான். அண்ணன் அவனை அதட்டவுமில்லை, தேற்றவுமில்லை. மறுநாள் காலையில் அக்கம்மாள் வழக்கம்போலத் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். அந்த வருடம் அந்தக் காட்டில் அவர்கள் எதையும் விதைக்கவில்லை.