வாசற்படி தாண்டிய தம்பி

மாடி வீட்டிலிருந்து குழந்தைக் கொலுசின் சத்தம் கேட்கிறது. கொஞ்சம் தவழ்கிறது, நிற்கிறது, மறுபடி தவழ்கிறது. நடுவில் நிற்கும்போது என்னதான் யோசிக்கும்?

மயிலாப்பூர் வீட்டில் தம்பியைப் பார்த்தும் இதையே யோசித்திருக்கிறேன். எனக்கு எட்டு வயது, அவனுக்கு ஒன்பது மாதம். குழந்தை தானாகத் தவழ்ந்து முதன்முதலில் வாசற்படி தாண்டும் நாளில் பாயசம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். "நான் இருக்கறப்பதான் தாண்டணும், என்ன?" என்று அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் அம்மா தினமும் ஆபீஸுக்குப் போவாள்.

ஒருநாள் மத்தியானம், அவனைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்கா பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். அவன் படியில் வயிற்றை வைத்து, காலை உதைத்து, அந்தப் பக்கம் வழுக்கி விழுந்தான். அழவில்லை. வந்த இடம் எப்படி என்று தரையைத் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, தாண்டிட்டான்! பாயசம்!"

அக்கா ஓடிவந்து அவனைத் தூக்கி உள்ளே விட்டாள். "யாரு பாத்தா? நான் ஒண்ணும் பாக்கல."

"நான் பாத்தேனே."

"உங்கம்மா பாக்கணும் கண்ணு. வாய மூடிக்கினு இரு."

சாயங்காலம் அம்மா உள்ளே நுழைந்ததும் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு வரேம்மா. காபி அப்பால குடிச்சிக்கலாம், மொதல்ல இந்த வாசப்படியாண்ட குந்தும்மா. புள்ள காலு இன்னிக்கு சும்மா இல்ல."