அய்யனார் வரைந்த பியானோ

ஆரணியில் பட்டுச்சேலைத் தொழிலில் இருப்பவர்களுக்கு டிசைன்கார அய்யனாரைத் தெரியும். பெரணமல்லூர் பக்கத்து கிராமத்தான். கூலி வேலைக்குப் போன தாய் தகப்பனுக்குப் பிறந்து, காலேஜ் முடித்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. திரையில் கட்டம் கட்டமாக அவன் நிரப்புகிற மாங்காயும் மயிலும்தான் தறியில் சேலையாக இறங்கும். ஒரு கட்டம் தப்பிப்போனால் அந்தத் தப்பு சேலை முழுக்க ஓடும். அய்யனார் போட்டதில் தப்பு வந்து தறி நின்றதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

அவனுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. பியானோ. நிஜப் பியானோவை அவன் தொட்டதில்லை, ஒருவர் வாசிக்கப் பக்கத்தில் நின்று கேட்டதும் இல்லை. இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை நான்கு வருஷத்துக்கு முன்னால் திறந்து பார்த்தான். அதிலும் கட்டம்தான். மேலும் கீழுமாக சுரம், இடமிருந்து வலமாக நேரம். கட்டத்தை நிரப்பினால் கம்ப்யூட்டர் பியானோ வாசித்தது. இதுவும் சேலையில் புட்டா பூப்போடுகிற வேலைதான் என்று மனைவி ஆதிலட்சுமியிடம் சொன்னான். சேலையாவது கட்டிக்கொள்ள ஆகும், இது எதுக்கு ஆகும் என்று கேட்டாள் அவள். கேட்டாளே தவிர, அடுப்படியில் அவள் முணுமுணுப்பது அவன் போட்ட மெட்டாகத்தான் இருக்கும்.

அந்த மெட்டு எதற்காவது ஆகிற நாளும் வந்தது. ஊர்க்காரன் அமர்நாத் சென்னையில் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தான். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற ஒரு தபால்கார அம்மாவின் கதை. கடைசி மூன்று நிமிஷத்துக்குப் பேச்சே கிடையாது, பியானோ மட்டும். அதைப் போட்டுத் தரச் சொன்னான். காசு தர முடியாது, திரையில் பெயர் வரும் என்றான். அய்யனாருக்கு வேண்டியதும் அதுதான். அவன் டிசைன் போட்ட சேலைகள் எத்தனையோ கல்யாணத்தில் மணவறை ஏறியிருக்கின்றன. ஒன்றிலும் அவன் பெயர் கிடையாது.

முதலில் அனுப்பியதைக் கேட்டுவிட்டு, மெட்டு ஜோராக இருக்கிறது, ஆனால் மிஷின் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றான் அமர்நாத். மனுஷர் வாசித்ததுபோல மாற்றித்தர மென்பொருளிலேயே ஒரு பட்டன் உண்டு. அதைத் தட்டினான் அய்யனார். சுரங்கள் எல்லாம் கட்டத்தை விட்டு முன்னும் பின்னுமாகச் சிதறின. அதையும் அனுப்பினான்.

"அண்ணா, கோச்சிக்காதீங்க. இப்போ தண்ணி போட்டுட்டு வாசிச்சிகினு இருக்கிற மாதிரி கீது."

ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாக வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஸ்டுடியோவில் ஆள் வைத்து வாசிக்கச் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லி அமர்நாத் போனை வைத்துவிட்டான். அன்று புதன்.

பல் டாக்டர் சந்தனா வீட்டு மாடியில் பியானோ இருப்பது, கடைவாய்ப்பல் பிடுங்கப் போன அன்றே அய்யனார் காதில் விழுந்திருந்தது. பெங்களூரில் படிக்கிற காலத்தில் கற்றுக்கொண்டு, அங்கிருந்தே ஒரு பழைய பியானோவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவர். அந்தப் புதன்கிழமையே வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டான். ஜைனக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். ஆறரைக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வாசிக்கிறேன் என்றார் டாக்டர்.

மென்பொருளிலேயே அச்செடுத்த சுரத்தாளோடு போனான். சந்தனா தாளைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார்.

"இந்த இடத்துக்கு மூணு கை வேணுங்க அய்யனார். எனக்கு ரெண்டுதான் கீது."

கட்டம் நிரப்புகிறபோது கை என்று ஒன்று இருப்பதையே அவன் நினைத்ததில்லை. தாளில் இரண்டு சுரத்தைப் பேனாவால் அடித்துவிட்டு டாக்டர் வாசிக்கத் தொடங்கினார்.

அய்யனாருக்கு ஏமாற்றம்தான். பெடலை மிதிக்கும்போதெல்லாம் தொம் தொம் என்று கட்டைச் சத்தம். கீழ்ப்பக்கத்துக் கம்பி ஒன்று வண்டுபோல ரீங்கரித்தது. ஆரணி வெயிலில் சுதி வேறு கொஞ்சம் இறங்கியிருந்தது. அவன் கம்ப்யூட்டரில் இதெல்லாம் கிடையாது, சுத்தமாக இருக்கும். மனசில் பட்டதைச் சொல்லியும் விட்டான். உங்க பியானோவைவிட எங்க வீட்டு கம்ப்யூட்டரே தேவலைங்க டாக்டர் என்று. சந்தனா சிரித்துவிட்டு, அப்படியானால் இதைப் போனில் பதிவு செய்துகொண்டு போய், வீட்டில் உங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார்.

வீட்டில் இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் விரித்தான். காதைவிட அவனுக்குக் கண்ணில்தான் நம்பிக்கை. இடது கையில் ஒரே சுரவரிசை எட்டுத் தடவை வரும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்ற ஏழையும் நகலெடுத்து ஒட்டியிருந்தான். முந்தியில் எட்டு மாங்காய் என்றால் எட்டும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும், வேறு மாதிரி செய்ய அவன் கைக்கே வராது. சந்தனா வாசித்த எட்டில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. பட்டன் செய்த மாதிரி கண்டபடி சிதறவும் இல்லை. கை தூரம் தாவ வேண்டிய இடத்தில் ஒரு துளி தாமதம். தாவி வந்து விழுந்த சுரம் மட்டும் கொஞ்சம் கனம். வலது கை பாடும்போது இடது கை அடங்கிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

"என்னாங்க, பேஜாரா உக்காந்துகினு கீறீங்க?" என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

"பியானோவுக்கு பார்டர் போட்டு வெச்சிருக்கேன் லட்சுமி" என்றான்.

நகலெடுத்த ஏழையும் அழித்தான். வேலை முடிந்து வந்த மூன்று சாயங்காலமும் ஒவ்வொன்றாக வரைந்தான். மேசையே பியானோ என்று வைத்து விரலால் தட்டிப் பார்ப்பான். எங்கே விரல் திணறுகிறதோ அங்கே சுரத்தை ஒரு மயிரிழை தள்ளுவான். எங்கே கை ஓய்கிறதோ அங்கே அழுத்தத்தைக் குறைப்பான். சந்தனாவின் வாசிப்பை அப்படியே நகலெடுக்க மனசு வரவில்லை. அதுவும் ஒட்டுவேலைதானே. மூன்று கை கேட்ட இடத்தை மட்டும் மாற்றாமல் விட்டான். கம்ப்யூட்டருக்கென்று ஒரு சௌகரியம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிறு காலை அதை டாக்டரிடம் போட்டுக் காட்டினான். கண்ணை மூடிக் கேட்டவர் முடிந்ததும் சொன்னார்:

"இது நான் வாசிச்சது இல்ல. ஆனா யாரோ உக்காந்து வாசிக்கிறாங்க."

அமர்நாத்துக்கு அனுப்பிவிட்டு அய்யனார் சட்டைகூட மாற்றாமல் காத்திருந்தான். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. யாரைப் பிடித்து வாசிக்க வைத்தீர்கள், அவர்கள் பெயரையும் போட வேண்டுமே என்றான் அமர்நாத். யாரும் வாசிக்கவில்லை, ஒவ்வொரு சுரத்தையும் நானே கட்டத்தில் போட்டேன், டாக்டர் சந்தனாவுக்கு நன்றி என்று மட்டும் போட்டுவிடு என்றான் அய்யனார்.

"சரிங்கண்ணா, இதான் ஃபைனல். பேர் எப்படிப் போடணும்?"

"இசை, மு. அய்யனார், பி.எஸ்சி."

"படத்துல டிகிரியெல்லாம் போட மாட்டாங்கண்ணா."

"மத்தவங்களுக்குப் போடாத. எங்க தெருவுல மொதல்ல காலேஜ் போனவன் நானு. எனக்குப் போடு."

அமர்நாத் சிரித்த சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது. சாயங்காலம் அந்தப் பெயர் வரும் காட்சியின் படம் போனில் வந்து சேர்ந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, பி.எஸ்சி.யோடு. ஆதிலட்சுமி அதை வாங்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். பிறகு தன் அண்ணன் தம்பி எல்லாருக்கும் அவளே அனுப்பி வைத்தாள்.