யாரும் சாகாத வீட்டுக்கு வந்த சாப்பாடு

றெஜினா அக்கா போய்விட்டார். காலையில் அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்...

தொண்ணூறுகளில் இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்த நம் ஆட்களுக்கு அவரைத் தெரியும். மன்னார் ஆள். கால்சா பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தவர்.

நான் அப்போது ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிக்கார அம்மா, வீட்டில் பிள்ளை பார்த்தேன். ஜூலியா. பல் முளைக்க முதலே என் கைக்கு வந்த பிள்ளை. "சோறு தா" என்று தமிழில் கேட்பாள்.

ஒருநாள் அவர்கள் குடும்பத்தோடு ஜெனோவாவிலேயே குடியிருக்கப் போகிறோம் என்று கப்பல் ஏறிவிட்டார்கள். துறைமுகத்தில் கை காட்டிவிட்டு வந்து படுத்தவள்தான்... எழும்பவில்லை, சமைக்கவில்லை.

"வேலைதானே போனது? ஆர் செத்ததெண்டு இப்பிடி அழுறாய்?" என்றார் என் கணவர். எல்லாரும் அதையேதான் கேட்டார்கள்.

றெஜினா அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி... செத்த வீட்டுக்குக் கொண்டுபோவது போலவே சட்டிகளைத் துணியால் மூடிக்கொண்டு படி இறங்கி வந்தார்.

அதைக் கண்ட சனம் பயந்துபோனது. கொஞ்ச நேரத்தில் வீடு நிறைய ஆட்கள்! கீழ்வீட்டுச் சிசிலிக்கார அம்மா கறுப்பு உடுத்து, கோப்பியோடு வந்துவிட்டார். ஒருவர் என் கணவரைக் கட்டிப்பிடித்து அழவே தொடங்கிவிட்டார்.

"ஐயோ, ஆர் மோசம் போனது?"

"ஒருத்தரும் சாகேல்லை," என்றார் அக்கா. "இவள் வளத்த பிள்ளை போட்டுது. வந்தனீங்கள் இருந்து சாப்பிடுங்கோ. அழுறதெண்டா அழுதிட்டுப் போங்கோ."

என் கணவர் முழித்த முழி... நான் அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு ஒவ்வொருவராக ஜூலியாவைப் பற்றிக் கேட்டார்கள். நானும் விடாமல் கதைத்தேன். சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு அதுவே வேலை. பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி சரிவராமல் மனைவியைக் கூப்பிட முடியாத தம்பி, கல்யாணம் குழம்பிய பிள்ளை... எல்லார் வீட்டுக்கும் சட்டி போனது.

"அக்கா, நான் சீட்டாட்டத்தில தோத்தாலும் கொண்டு வருவியளோ?" என்று பெடியள் பகிடி விடுவார்கள்.

"உனக்கு வெறுஞ்சட்டிதான்ரா வரும்!"

இன்றைக்கு மகள் சொல்கிறாள், "அன்ரி, அம்மாக்கு வயசு போட்டுதுதானே... அழாதேங்கோ."

"இல்லைப் பிள்ளை, நான் அழப்போறன்," என்றேன்.

வடிவாக அழுதேன் அக்கா. இப்போது நல்ல பசி.

சந்தோஷமாய்ப் போங்கோ.